கடைசிப் பத்து நிமிடம்

இருட்டில் என் முழங்கையை ஒரு கை தொட்டது. யாருடைய கை என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கல்யாணமான நாள் முதல் எந்தத் தியேட்டராக இருந்தாலும், எந்தப் படமாக இருந்தாலும், அந்தக் கை அந்த நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடும்.

"சாந்தி, எந்திரி."

திரையில் ஒரு வாட்ச்மேன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கையில் டிபன் கேரியர். வயசானவர், உடம்புக்கு முடியாதவர். ஒரு படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு வாங்கும், மறுபடி ஏறுவார். மேலே நாலாவது மாடியில் அவருடைய மகள் வீடு. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள். அப்பாவும் மகளும் பேசி வருஷக்கணக்கில் ஆகிறது. அங்கே போய் இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார்?

"எந்திரிம்மா. இப்பக் கிளம்பினாத்தான் வண்டிய எடுக்க முடியும்."

"நான் வரல."

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். பாதி எழுந்த நிலையில் குனிந்தபடி நின்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணாத்தே, ஒண்ணு உக்காரு, இல்லாங்காட்டி கெளம்பு. நடுவுல நின்னுகினு இன்னா பண்ற?"

"நீங்க போங்க. நான் முடிச்சிட்டு வரேன்," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்பத்தூர் பக்கம் ஒரு தியேட்டரில், மேட்னி ஆட்டத்தில் நடந்தது இது. ஒரு சினிமாவை முழுசாகப் பார்ப்பதற்கு ஒரு குடும்பப் பெண்ணுக்கு இவ்வளவு வீராப்பு தேவையா என்று கேட்பீர்கள். தேவை. ஏன் என்று சொல்கிறேன்.

சங்கு ஊதுவதற்கு முன்னால்

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொடரை வாராவாரம் அவரும் படிக்கிறார். குடி கிடையாது, கோபம் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு வியாதி. எதுவாக இருந்தாலும் முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் மாமனாருக்கு அந்த பாக்டரியில்தான் வேலை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் அத்தனை சைக்கிளும் ஒரே கேட்டில் வெளியே வரும். முந்தினவன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். பிந்தினவன் ரயில்வே கேட்டில் கால் ஊன்றி நின்றுகொண்டிருப்பான். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வேலை வந்ததோ இல்லையோ, இந்தப் பழக்கம் அப்படியே வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தி. கோயிலுக்குப் போனால், மணி அடிப்பதற்கு முன்னால் செருப்பு விட்ட இடத்துக்குக் கண் போய்விடும். தியேட்டரில் வில்லன் கதாநாயகனைக் கட்டிப் போட்டதும் இவருக்கு ஸ்டாண்டில் விட்ட வண்டி ஞாபகம் வந்துவிடும். கேட்டால் ஒரே பதில்தான்.

"அதான் கதை தெரிஞ்சுபோச்சே. இனிமே என்ன, ஒண்ணு சேருவாங்க, இல்ல செத்துப்போவாங்க. அதுக்காகவா அம்மாம் கூட்டத்துல மாட்டிக்கினு நிக்கணும்?"

என் மகள் பிரியா ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது டீச்சர் ஏதாவது ஒரு சினிமாக் கதை சொல்லச் சொன்னாராம். இவள் எழுந்து நின்று, "ஹீரோவக் கயித்துல கட்டிப் போட்டுடுவாங்க மிஸ். அப்புறம் நாங்க ஊட்டுக்கு வந்துடுவோம்," என்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் என்னத்தைச் சொல்ல? பிள்ளை பார்த்ததைத்தானே சொன்னது.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலில் இருக்கிறாள். போனில் படம் பார்க்கிறாள், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். எல்லோரும் எலி பேசுகிற மாதிரி கீச்சுகீச்சென்று பேசுவார்கள். அப்பா வளர்ப்பு, வேறு எப்படி இருக்கும்?

செல்வி சொன்ன முடிவுகள்

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில். வண்டிகளுக்குப் போடும் ரப்பர் வளையங்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, நல்லதைத் தனியாக, கெட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நான் சினிமாவைப் பற்றியும் புத்தகத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து எங்களைக் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போகும். வேனில் ஒரு வழக்கம் உண்டு. வாரக் கடைசியில் படம் பார்த்தவர்கள் திங்கட்கிழமை காலை கதை சொல்ல வேண்டும். நான் கயிற்றில் கட்டிப் போட்டது வரைக்கும் சொல்வேன். அதற்கு மேல் செல்வி.

செல்வி எனக்கு அடுத்த தெரு. பேக்கிங்கில் வேலை. எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுவாள், அதுவும் கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும். அவள் முடிவைச் சொல்ல ஆரம்பித்தால் வேன் டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார். கை பேசும், கண் பேசும், சண்டைக் காட்சியில் முன்சீட்டுக்காரிக்கு ரெண்டு அடி விழும். அவள் சொல்லிக் கேட்டால் பார்த்த மாதிரியே இருக்கும். பார்த்த மாதிரியே இருப்பதால், அப்புறம் டிவியில் போட்டாலும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதுதான் கணக்கு தீர்ந்துவிட்டதே!

இப்படித்தான் ஒரு புட்பால் கோச் படம். ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முழங்கையில் கை வந்தது, நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். செல்வி சொன்ன முடிவில் கோச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்கு வருகிறார், பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சிரித்துச் சந்தோஷமாகப் பார்க்கிற படம் என்று பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மா தூக்கம் வராமல் தவித்தபோதுகூட, "அந்தப் படத்தைப் பாருங்க, மனசு லேசாயிடும்," என்றேன். மறுநாள் அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கு டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நான் கரும்பு வெட்டிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆட்டம் வந்தது. மைதானத்தில் ஒரு நாற்காலி. சக்கர நாற்காலி இல்லை, சாதாரண நாற்காலி. அதன் மேல் கோச்சின் போட்டோ. போட்டோவுக்கு மாலை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு வர வேண்டிய அழுகை

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், வேனில் ஏறியதும் நேரே செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கோச்சு செத்துட்டான்டி."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற எந்தெந்தப் படத்துல யார் யாரெல்லாம் செத்தாங்க? இப்பவே சொல்லிடு."

"ஏங்க்கா காலங்காத்தால..."

"சொல்லுடி."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொலைந்துபோன தம்பி கிடைக்கவே இல்லையாம். மீன்காரப் பெண்ணின் புருஷன் புயலில் போனவன் போனவன்தானாம். நான் பார்த்து மகிழ்ந்த படங்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"இன்னாக்கா பண்றது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எங்க அம்மா, எங்க வூட்டுக்காரு, எங்க தங்கச்சின்னு ஊட்ல நெசமாவே அம்மாம் சாவு பாத்துட்டேன். சினிமாலயும் நானே என் வாயால சாவடிக்கணுமா? காலைல வேலைக்குப் போற பொம்பளைங்க, சிரிச்சிகினு போவட்டுமேன்னுதான்..."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"எல்லாஞ் சரிடி. ஆனா நான் அழ வேண்டிய அழுகை அது. அதை நீ எப்படி எடுத்துக்கலாம்?"

"அப்படின்னா இனிமே நான் எதுவும் சொல்லலக்கா," என்றாள் செல்வி. "நீயே குந்தி முழுசாப் பாத்துக்க."

பார்க்கிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன். அடுத்து எந்தப் படத்துக்குப் போனாலும் சரி, தியேட்டர்காரன் விளக்கைப் போட்டுத் துடைப்பத்தை எடுக்கிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை.

புத்தகத்தில் யாரும் கையைப் பிடிப்பதில்லை

அந்த வாட்ச்மேன் படத்துக்குப் போவதற்கு முன்னால், இந்த வருஷம் நான் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அம்மா, புத்தகம் என்றால் கொஞ்சம் மரியாதையாகப் பேசக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். மரியாதை இல்லாமல் இருந்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேனா, சொல்லுங்கள்?

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு நாவல், கிளை நூலகத்தில் எடுத்தது. எழுதியவர் வெயிலில் நின்றிருக்கிறார், அது நிச்சயம். காலில் உப்பு அரித்த புண்ணைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் எனக்கே கால் எரிந்தது. ஒரே ஒரு குறை. அந்தப் பெண் எப்போது அழுதாலும் மழை பெய்கிறது. எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். சிலிண்டரைக் கட்டில் மேல் ஏற்றவே நேரம் சரியாக இருக்கும், யார் அழுவது?

அப்புறம் ஒரு துப்பறியும் கதை, மொழிபெயர்ப்பு. கொலையாளி யார் என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. துப்பறியும் அம்மாவுக்கு மூட்டுவலி. ஒவ்வொரு தடயத்துக்கும் குனிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் "அப்பாடா" என்று எழுந்திருக்கிறார். இப்படி ஒருத்தியை ஏன் நம் ஆட்கள் எழுத மாட்டேன் என்கிறார்கள்?

மூன்றாவது, தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரைகள். வாயில் எச்சில் ஊறும். அம்மா வைத்த குழம்பு, அக்கா வைத்த ரசம், மனைவி வைத்த கூட்டு. புத்தகம் முடிகிற வரைக்கும் அந்த மனிதர் ஒரு பாத்திரம் கழுவவில்லை. நான் கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்தேன்.

புத்தகத்தில் உள்ள சுகம் இதுதான். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, முடிவு என் கையில். யாரும் முழங்கையைத் தொட்டு எழுப்ப முடியாது. அதே சுகம் சினிமாவிலும் வேண்டும் என்று கேட்பது பேராசையா?

நாலாவது மாடி

வாட்ச்மேன் படத்துக்கு டிக்கெட் போட்டது பிரியா. செல்வி முதல் வாரமே பார்த்துவிட்டாள். வேனில் அவள் வாயைத் திறக்கப்போன நேரத்தில், "மூச்சு விடாத, நான் பாக்கப் போறேன்," என்று அடக்கி வைத்திருந்தேன்.

படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இப்போதே போனை எடுத்து முடிவைத் தேடுவீர்கள். நல்ல படம். இடைவேளைக்கு அப்புறம் வரும் பாட்டை வெட்டி எறிந்திருக்கலாம். மகளாக நடித்த பெண் அழும்போதுகூட முகத்தில் பவுடர் கலையவில்லை. ஆனால் அந்த வாட்ச்மேன்! தோள்பட்டையில் தொங்கும் பெரிய யூனிபார்ம், வேறு யாருக்கோ தைத்ததைப் போட்டுக்கொண்டிருப்பவரின் நடை. எங்கள் கம்பெனி வாசலில் தினமும் பார்க்கிற நடை அது.

என் வீட்டுக்காரர் இருட்டில் வரிசையைத் தாண்டிப் போனார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் இல்லாத நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

வாட்ச்மேன் நாலாவது மாடிக்கு வந்துவிட்டார். மகள் வீட்டுக் கதவு. உள்ளே மகளும் பேத்தியும் எதற்கோ சிரிக்கும் சத்தம். இவர் தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறார். கை அப்படியே நிற்கிறது. உள்ளே சிரிப்பு நிற்கவில்லை. இவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வருகிறது. கையை இறக்கிக்கொள்கிறார். கேரியரை வாசலில் வைத்துவிட்டு மெதுவாகப் படி இறங்கி, மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்கிறார். சுவரில் தலையைச் சாய்க்கிறார். அவ்வளவுதான். பொழுது விடிகிறது. மகள் கதவைத் திறக்கிறாள், கேரியரைப் பார்க்கிறாள். அதைத் திறந்து பார்க்கும் முன்பே யார் வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. படியில் ஓடுகிறாள்.

நான் அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். என் பங்குக்கு மட்டுமல்ல, கோச்சுக்கு, தொலைந்த தம்பிக்கு, புயலில் போனவனுக்கு, எல்லோருக்கும் சேர்த்து அழுதேன். பாக்கி வைத்திருந்த அத்தனை அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. பெயர்கள் ஓடின. விளக்கு போட்டார்கள். துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்து, "எந்திரிம்மா, அடுத்த ஷோ கீது," என்ற பிறகுதான் எழுந்தேன்.

தெரிஞ்சே ஆகணும்

வெளியே ஸ்டாண்டில் கூட்டமே இல்லை. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அவர் மட்டும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்னாச்சு? யாரு செத்தா?"

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பினார். "அந்த வாட்ச்மேன் உள்ள போனாரா இல்லியா?"

"டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்க."

"ஏய், சொல்லேன்!"

"சொல்ல மாட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதருக்கு ஒரு கதையின் முடிவு தேவைப்பட்டது. இத்தனை நாளும் பக்கத்தில் நான் இருந்ததால், இரண்டு பேருக்கும் தெரியாமல் போனது ஒரு குறையாகவே தெரியவில்லை போலிருக்கிறது. இப்போது வீட்டில் ஒருத்திக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது. சாப்பாட்டில் கேட்டார். தோசைக்கு மாவு கரைக்கும்போது கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சாயந்திரம் முகமெல்லாம் பல்லாக வந்தார். "நீ என்ன சொல்றது? நான் செல்விக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். அப்பன் கதவத் தட்றான், பொண்ணு தொறக்குது, உள்ள கூப்பிட்டு உக்காரவச்சு, கேரியரைப் பிரிச்சு மூணு பேரும் ஒண்ணாச் சாப்புடறாங்க. பேத்தி தாத்தா மடியிலயே தூங்கிடுது. சரியா?"

எனக்கு வந்ததே சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். செல்வி என்னிடம்தானே சொல்ல மாட்டேன் என்றாள், அவரிடம் இல்லையே.

நான் சிரிக்கச் சிரிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "அப்ப அது இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, ஹெட்லைட் பல்ப் மாற்ற மெக்கானிக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கம்பெனிக்குக் கட்டும் புடவைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"தட்டியிருக்கணும்," என்றார்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "தட்டக் கூடாது. அதுதான் படமே."

"என்ன பேசற நீ? நாலு மாடி ஏறி வந்தவன், ஒரு தட்டு தட்றதுக்கு என்ன?"

"உள்ள சிரிக்கிறாங்க. தட்டினா அந்தச் சிரிப்பு நின்னுடும்னு அந்த ஆளுக்குத் தெரியும். அதைக் கேட்டுட்டுப் போறதே போதும்னு நினைச்சுட்டாரு."

"நின்னா நிக்கட்டும்டி!" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. "அப்பன் வந்திருக்கான்ல!"

நானும் விடவில்லை. டைரக்டர் பக்கம் நின்று வாதாடினேன். அவர் வாட்ச்மேன் பக்கம் நின்று வாதாடினார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, குடும்பச் சண்டை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இத்தனை வருஷ வாழ்க்கையில் ஒரு கதையின் முடிவைப் பற்றி நாங்கள் போட்ட முதல் சண்டை அது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல், அழுதுகொண்டே போட்டோம்.